பக்கவாட்டில் வருவது

ஜூலை 6, ஞாயிறு

மதியத்துக்கு மேல் தாராபுரம் வந்து சேர்ந்தேன். ஈரோட்டிலிருந்து பஸ். ரயில் ஓட்டிப் பிழைக்கிறவன் சொந்த ஊருக்கு பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும், எங்கள் ஊருக்குத் தண்டவாளமே கிடையாது. ஜோலார்பேட்டையில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

ஒரு வாரம் லீவு. கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கிடைப்பதெல்லாம் நடக்கிற காரியமா? கிடைத்துவிட்டது. சுகந்தி வரவில்லை. அவள் டீச்சர், பள்ளிக்கூடம் நடக்கிறது. "ஊருக்குப் போய் நல்லாத் தூங்குங்க, இங்க இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க" என்று அனுப்பி வைத்தாள். ஒரு டைரியையும் பையில் போட்டாள். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் வண்டி புறப்பட்ட நேரமும் நின்ற நேரமும்தான். பார்க்கலாம்.

வாசலில் அப்பாவின் ஸ்கூல் வேன் நின்றது. அப்பா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய்ப் பையை இறக்கி வைத்தும் திரும்பவில்லை. "அப்பா" என்றதும் உடம்பையே திருப்பி, "எப்படா வந்த? சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற?" என்றார். காற்றுக் காலம் இது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்கு வாயெல்லாம் மண். அந்த இரைச்சலில் நான் வந்தது கேட்கவில்லை போலிருக்கிறது.

அம்மா வெளியே வந்து, "நெம்ப எளச்சுப் போயிட்ட கண்ணு" என்றாள். போன தடவைக்கு இந்தத் தடவை ஏழு கிலோ ஏறியிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. இரண்டு பேரும் வேனில் போய்விட்டார்கள்.

அப்பா பெயர் சென்னிமலை. அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலைக் காலம் முழுக்க ராத்திரி சர்வீஸ்தான் ஓட்டினார். பகலெல்லாம் தூங்குவார். நான் வளர்ந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பாத்திரம் உருண்டால்கூட அம்மா நாக்கைக் கடித்துக்கொள்வாள். ரிட்டயர் ஆனதும் பழைய வேன் ஒன்றை வாங்கி ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அம்மாவும் ஆயாவாகக் கூடப் போகிறாள். எதிர் வீட்டு ராசாத்தியக்கா சொல்லிச் சிரித்தது: "புதுசாக் கலியாணமான சோடியாட்டம் தெனமும் ஒட்டுக்காக் கெளம்பிப் போறாங்கப்பா. கண்ணு பட்டுரும்."

பின்பக்கக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறிக்கொண்டே பேசினாள். "ரசம் ஊத்தறனுங்க. அப்பளம் எலைக்கு எடது கைப்பக்கம் வெச்சுருக்கறன். தண்ணிச் சொம்பு வலது கைப்பக்கம்." எனக்கு வியப்பாக இருந்தது. இவ்வளவு பேசுகிறவள் இல்லை அம்மா. அவள் ஊறுகாய் எடுக்க உள்ளே போன நேரத்தில் அப்பாவின் முழங்கை பட்டுச் சொம்பு உருண்டது. "சொன்னனல்லங்க" என்று அம்மா உள்ளிருந்தே சொன்னாள். வயதாகிறது அப்பாவுக்கு.

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் பிடிக்கவில்லை, வேனில் நானும் போனேன். மூலனூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பி, தோட்டம் தோட்டமாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வர வேண்டும். ஆயா என்றால் பிள்ளைகளோடு பின்னால் உட்காருவதுதான் வழக்கம். அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

வண்டி கிளம்பியதும் அம்மா ஆரம்பித்தாள். வழி முழுக்க வாய் ஓயவே இல்லை.

"எடது பக்கம் சைக்கிள்ல ஒருத்தரு."

"சைக்கிள்" என்றார் அப்பா.

"வலது பக்கம் சந்துல டிராக்டரு நிக்குதுங்க. ஆளில்ல."

"டிராக்டரு."

"எடது பக்கம் வேப்ப மரத்தடியில எருமைங்க."

"எருமை" என்று அப்பா சொன்னதும் பின்னால் பிள்ளைகள் அத்தனையும் சேர்ந்து "எருமை!" என்று கத்தின. இது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. அப்பா எதைத் திருப்பிச் சொன்னாலும் வண்டியே அதைத் திருப்பிச் சொல்கிறது. சைக்கிள்! டிராக்டரு! பால்காரரு! நானும் ஒரு தடவை கத்தினேன். வெகு நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

எங்கள் என்ஜினிலும் இப்படித்தான். ஸ்டேஷனுக்கு முன்னால் வருகிற ஹோம் சிக்னல் கண்ணில் பட்டதும் அசிஸ்டெண்ட் சத்தமாகச் சொல்ல வேண்டும், "ஹோம் கிரீன்" என்று. நான் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஹோம் கிரீன்". இரண்டு வாயும் சொல்லாமல் ஒரு சிக்னலைக்கூடத் தாண்டக்கூடாது. ஆனால் நாங்கள் சொல்வது இரண்டு பேரும் பார்த்துவிட்டோம் என்பதற்காக.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

வேனில் போகவில்லை. வாஷர் மாற்றினேன். குழாய் இப்போது சொட்டவில்லை.

சாயங்காலம் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவருடைய காதுக்குப் பக்கத்தில் நீட்டியபடி நின்றேன். எங்களுக்கு மெடிக்கலில் டாக்டர் இப்படித்தான் விரலைப் பக்கத்திலிருந்து கொண்டுவருவார், நேராகப் பார்த்தபடியே தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். கை வலிக்கிற வரைக்கும் நின்றேன். அப்பா நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை நானே குடித்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மண் காற்றில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையில் பேச வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. சைகை காட்டி என்னைக் கூப்பிட்டு, காதோடு காதாக, "முன்னால நீ உக்காந்துக்க கண்ணு. ரெண்டு பக்கமும் பாத்துப் பேசிக்கிட்டே போ. அப்பாவுக்குத் தூக்கம் வந்துரும்" என்றாள்.

விடிந்து எழுந்த மனுசனுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? நான் கேட்கவில்லை. முன்னால் ஏறி உட்கார்ந்தேன். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்: தெரிந்துதான் உட்கார்ந்தேன். இந்த வேலையை என்னை விட ஒழுங்காகச் செய்கிறவன் யார் என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

நன்றாகத்தான் செய்தேன். "முன்னால வேகத்தடை." "வேகத்தடை." "பாலம் வருதுங்கப்பா." "பாலம்." "எதுக்கால லாரி." "லாரி." பிள்ளைகளும் கத்தின. எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றியாகிவிட்டது, பெரிய ரோட்டுக்குத் திரும்பினோம். அம்மா பின்னால் உட்கார்ந்து என் தோளைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. கையை ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் வேலையில் பக்கம் என்று ஒன்று கிடையாது. வருவதெல்லாம் நேரே வரும். பத்து வருஷத்துக்கு மேலாக என் கண் நேரே பார்த்துப் பழகிவிட்டது. அப்பாவுக்கு நன்றாகத் தெரிகிறதை எல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாத பக்கத்தை நானும் பார்க்கவில்லை.

இடது பக்கத் தோட்டத்துத் தடத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினார். நான் அப்போது தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பிள்ளைகள்தான் கத்தின. "பால்காரரு! பால்காரரு!" அப்பா இன்னும் சொல்லவே இல்லை, அவர்கள் முதலில் கத்திவிட்டார்கள். அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. மொபெட் சாய்ந்து, கேன் உருண்டு, ரோடெல்லாம் பால்.

அவருக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து வந்து அப்பாவின் ஜன்னலைத் தட்டினார். "அடக் கெரகத்த! கண்ணு பொடனியிலயா இருக்குது? வண்டி நெறையாப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு!" அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுசன் ஒருத்தரைக் கும்பிட்டு நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா என்னை இறங்கச் சொல்லிவிட்டு முன்னால் ஏறினாள். நான் பின்னால் போனேன். இரட்டைச் சடைப் பெண் ஒன்று எனக்கு இடம் விட்டு உட்கார்ந்து, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னது: "டிரைவர் தாத்தாவுக்கு ரெண்டு பக்கமும் தெரியாதுங் மாமா. நாங்க வூட்டுல சொல்ல மாட்டோம். வேற டிரைவர் வந்தா எங்கள கத்த உடமாட்டாரு."

அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். இரண்டு பக்க ஜன்னலிலும் வரிசையாக முகத்தை ஒட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார்கள். விளையாட்டு என்று நான் நினைத்தது விளையாட்டே இல்லை.

சாயங்கால டிரிப்புக்கு அப்பா சாவியை எடுத்தபோது, "வேண்டாமுங்கப்பா" என்றேன். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். பிறகு தண்டபாணி என்கிற ஆக்டிங் டிரைவருக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்றார். நானே ஓட்டியிருக்கலாமே என்றால், எனக்கு வேன் ஓட்டத் தெரியாது. மூவாயிரம் டன் இழுப்பேன், ஸ்டேரிங் பிடிக்கத் தெரியாது.

அம்மா தண்டபாணியோடு வேனில் போனாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவரே பேசினார்.

"கொழாய்க்குள்ள பாக்கற மாதிரிடா. நேரா இருக்கறது பளிச்சுனு தெரியுது. ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல."

"எப்ப இருந்துங்கப்பா?"

"போன தீவாளிக்கே டாக்டரு வண்டியத் தொடாதீங்கன்னுட்டாரு. போனது போனதுதானாம். சொட்டு மருந்து உட்டா இருக்கறதாச்சும் நிக்குமாம்."

"அப்புறம் எதுக்குங்கப்பா ஓட்டறீங்க?"

தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் ரிட்டயராயி வூட்டுக்கு வந்தன் பாரு, எங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒரு வார்த்த இல்லடா. சோறு ஆச்சு, தண்ணி வந்துருச்சு, அவ்வளவுதான். வேன் எடுத்தும் அவ பொறகால புள்ளைங்களோடதான் உக்காந்திருப்பா. இந்தக் கண்ணு போனப்புறந்தான் முன்னால வந்து உக்காந்தா. வாயத் தொறந்தா. ரோட்டுல இருக்கறதச் சொல்ல ஆரமிச்சவ, அப்புறம் அவ மனசுல இருக்கறதெல்லாஞ் சொன்னா. நீ பொறந்தப்ப அவளுக்கு வந்த காய்ச்ச கூட எனக்கு இப்பத்தான் தெரியும். வேனை நிறுத்திட்டா மறுபடியும் பேசாமப் போயிருவாளோன்னு எனக்குப் பயமா இருக்குதுடா."

"காத்து அதிகமா இருக்குதுங்கப்பா, உள்ள வாங்க" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

தண்டபாணிதான் ஓட்டினான். அம்மா காலை டிரிப் முடிந்து வந்து, மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். குரல் பாதி திரும்பியிருந்தது.

"திங்கக்கெழமைக்கு எனக்குச் சரியாயிரும். அப்புறம் அப்பாவே ஓட்டிக்குவாரு. நீ நேத்து நடந்ததப் பெருசு பண்ணாத கண்ணு."

"வேன் நெறையாக் கொழந்தைங்கம்மா."

"நான் கண்ணக் கொட்டாமப் பாக்கறனல்ல? இத்தன நாள்ல ஒரு கீறல் உளுந்திருக்குதா?"

"நேத்து?"

"நேத்து நீ உக்காந்திருந்த."

மிளகு டப்பாவை எடுத்து மூடி வைத்தேன்.

"வண்டி இல்லீன்னா அவரு செத்துருவாரு கண்ணு" என்றாள். அழுதாள். "ஸ்டேரிங்கப் புடிச்சே பொழைச்ச மனுசன். அதையும் புடுங்கிட்டா வராந்தாவுல வெறுமனே உக்காந்து உக்காந்தே போயிருவாரு. எனக்கு அவரு வேணும்டா. இப்பத்தானே என்ற கையில கெடச்சாரு."

அப்பா நேற்றுச் சொன்னதை அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது அப்பா அவளிடம் சொல்ல வேண்டியது. என் வாயால் கேட்டால் அதற்கு மதிப்பில்லை.

"நாளைக்கு ஸ்கூல்ல போயிச் சொல்லிருங்கம்மா. நீங்க சொல்லலீன்னா நாஞ் சொல்லிருவன்."

"பெத்தவங்களையே புடிச்சுக் குடுப்பியாடா?"

"ஆமாங்கம்மா."

என் குரல் வேலையில் பேசுகிற குரலாக இருந்தது. அம்மா வெந்நீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம் என்னோடு பேசவில்லை. அப்பாவோடும் பேசவில்லை. சாப்பிடும்போது தட்டுகளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12, சனி

பள்ளிக்கூடம் அரை நாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். தண்டபாணி ஓட்ட, மூன்று பேரும் வேனில் போனோம். அம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். நானும் அப்பாவும் தாளாளர் அறைக்குப் போனோம். தாளாளர் ஒரு வயதான அம்மாள்.

அப்பா நின்றுகொண்டே சொன்னார்: "எனக்குக் கண்ணு பக்கவாட்டுல தெரியலீங்க. இனி வண்டி ஓட்டறது பாவமுங்க. தண்டபாணி நல்ல பையன், அவனையே வெச்சுக்குங்க."

அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "எத்தன நாளா இப்படி?"

"இப்பத்தானுங்க. ஒரு வாரமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரயில்வே என்று அவருக்குத் தெரியும். "அப்படிங்களா?"

தீபாவளியிலிருந்து என்று சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிக்னல் விஷயத்தில் ஒரு பொய் என் வாயில் வந்ததில்லை. அப்பா என் பக்கம் திரும்பவில்லை, நேரே அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி நுனியை இரண்டு விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. ஒரு வாரமாத்தான்" என்றேன்.

"நல்ல வேளை, உடனே வந்து சொன்னீங்க. எல்லாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார் அந்த அம்மாள். எனக்குக் காது சுட்டது.

ஆயா வேலை அப்படியே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அம்மா வேனுக்குள் உட்கார்ந்தபடியே, "அவரில்லாத வண்டியில எனக்கென்ன சோலி?" என்று சொல்லி இறங்கினாள். வேனும் சாவியும் தண்டபாணியிடமே இருந்துவிட்டன. டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அப்பா டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றார். சீட் இருந்தது, உட்காரவில்லை.

வீட்டில் சத்தமே இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது இருந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கிளம்பினேன். அம்மா புளிச்சோறு கட்டிப் பையில் வைத்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். மூன்று நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"நீ பண்ணுனது நாயந்தான் கண்ணு. அந்தக் கொழந்தைங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டன். எல்லாந் தெரியுது. ஆனா உன்ற மேல எனக்குக் கோவம் தீரல. தீந்தா நானே கூப்படறன். அதுவரைக்கும் நீ போன் பண்ணாத."

"சரிங்கம்மா."

"சுகந்திகிட்ட இதெல்லாஞ் சொல்லாத."

"சரிங்கம்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் என்று எழுதிவிட்டேன், இரண்டு நாள்தான். எனக்கு மூன்றாகத் தோன்றியது.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வந்தார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எதிர்ச்சாரியிலிருந்து ரோட்டைக் கடக்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், உதறவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, "பாத்துப் போ. உங்கம்மாவ நெனச்சு வெசனப்படாத" என்றார்.

"நீங்க அன்னிக்கு எங்கிட்டச் சொன்னத அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா."

"பாக்கலாம் போ" என்றார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னோடு கடந்து வந்த ரோட்டை அவர் தனியாகத் திரும்பக் கடக்க வேண்டும். சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுகிறவனுக்கு இதுகூடத் தோன்றவில்லை. எழுந்து நின்று பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் ரோட்டில் இருந்தது. தலையை இந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினார், அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினார். ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கம் வண்டி வந்துகொண்டே இருந்தது. "நிறுத்துங்கண்ணே, எறங்கணும்" என்று கண்டக்டரிடம் கத்தினேன். "முன்னாலயே சொல்ல மாட்டீங்களா, ஸ்டாண்டு கேட் தாண்டிட்டம்ல" என்றார் அவர், ஆனாலும் விசில் ஊதினார், வண்டி நின்றது.

அப்போது பூக்கடைப் பக்கமிருந்து அம்மா வந்தாள். வீட்டில் உடுத்தியிருந்த சேலையோடு, எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். அவரிடம் போய் நின்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, அவள் நின்றது அவருடைய இடது பக்கம். அம்மா அவர் கையைப் பிடித்தாள். தெருவில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், அப்பாவின் கையை அவள் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார். இரண்டு வார்த்தை இல்லை, நிறையச் சொன்னார், ரோட்டைக் கடக்காமல் அங்கேயே நின்று சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்கறீங்களா இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க" என்றேன்.

பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றே பார்த்தேன். அம்மா இந்தப் பக்கம் ஒரு தடவையாவது பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.